ஏட்டில் எழுதிய கடல்: சுவடி ஓவியம் என்றால் என்ன, அதைப் படிப்பது எப்படி?

இராமநாதபுரம் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் யுத்த காண்டத்தின் தொடக்கத்தை நூலில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே காலால் நடந்து தெரிந்துகொண்டிருப்பார்கள். திருப்புல்லாணியில் இராமபிரான் தருப்பைப் புல்லின்மேல் கிடந்து கடலரசனை வேண்டினார். தேவிபட்டினத்துக் கடலுக்குள் ஒன்பது கற்களை நட்டு நவக்கிரகங்களை வணங்கினார். சேதுக்கரையில் அணை தொடங்கியது. தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் கோதண்டராமர் கோயில் நிற்கும் திட்டில் வீடணன் அடைக்கலம் புகுந்தான். இவை எங்களுக்குக் காண்டமும் படலமுமாக அறிமுகமாவதற்கு முன் பேருந்து நிற்கும் ஊர்களாகவே அறிமுகமானவை. இதே கடலையும் இதே அணையையும் 1652ஆம் ஆண்டில், இங்கிருந்து வெகுதொலைவில், ஆரவல்லி மலைகளுக்கு நடுவே இருக்கும் உதயப்பூரில் அமர்ந்து ஓர் ஓவியர் காகிதத்தில் எழுதினார். அவர் பெயர் சாகிப்தீன். அவர் எழுதியவை சுவடி ஓவியங்கள் என்னும் வகையைச் சேர்ந்தவை. அந்த வகை ஓவியங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சுவடி ஓவியம் என்பது ஒரு நூலின் ஏட்டில், அந்த நூலின் வாசகத்தோடு சேர்த்துப் படிக்கப்படுவதற்காக எழுதப்பட்ட படமாகும். கோயில் மண்டபத்து விதானத்தில் இருக்கும் ஓவியத்தை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். பூசை அறையில் மாட்டிய தஞ்சாவூர்ப் படத்தைக் கைகூப்பிப் பார்க்கிறோம். சுவடி ஓவியத்தையோ மடியிலோ பலகையிலோ வைத்து, ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அது தனியாக நிற்பதற்காகப் பிறந்ததும் அன்று. அதற்கு முன்னால் ஓர் ஏடு, பின்னால் ஓர் ஏடு என நூற்றுக்கணக்கான ஏடுகளுக்கு நடுவே, துணியில் சுற்றிக் கட்டிவைக்கப்பட்டு, யாராவது பிரித்துப் படிக்கும்போது மட்டும் வெளிச்சம் கண்டது. இன்று அருங்காட்சியகங்களில் ஓர் ஏட்டை மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கவிட்டுப் பார்க்கும்போது நமக்குப் புரியாமல் போவதற்கு முதற் காரணம் இதுதான்: ஒரு நெடுங்கதையின் நடுவிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தது போன்ற நிலையில் நாம் இருக்கிறோம்.

தமிழில் 'படம் எழுதுதல்' என்றே நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். கண்ணுக்கு மை எழுதுவதும், ஓலையில் பாட்டு எழுதுவதும், சுவரில் ஓவியம் எழுதுவதும் ஒரே வினைதான். வடமொழியிலும் எழுதுவதற்கும் வரைவதற்கும் வேர்ச்சொல் ஒன்றே. சுவடி ஓவியத்தைப் புரிந்துகொள்ள இந்தச் சொல்லைவிட நல்ல நுழைவாயிலை நான் அறியேன். எழுத்தை எப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கிறோமோ அப்படியே இந்தப் படங்களையும் வரிசையாகப் படிக்க வேண்டும்.

ஓலையின் வடிவம்

ஏடு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பனையோலைதான். சாயல்குடியிலிருந்து இராமேசுவரம் வரை சாலையின் இருபுறமும் பனை நிற்கும் மாவட்டம் இது. ஓலைக் கொட்டான் முடையும் கைகள் இன்றும் இங்கே இருக்கின்றன. ஓலையைப் பாடம் செய்து, ஓரங்களை ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி. எழுத்தாணியால் கீறிய கோடு முதலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக்கரியைக் குழைத்து மேலே தடவித் துடைத்துவிட்டால், கரி கீறலுக்குள் தங்கிக் கறுப்பு வரியாக எழும்பும்.

தமிழ்நாட்டுச் சுவடிகள் பெரும்பாலும் எழுத்தோடு நின்றுவிட்டன. இதே எழுத்தாணியையும் இதே கரியையும் கொண்டு ஒடிசாவின் சுவடி எழுதுவோர் கண்ணனையும் இராமனையும் யானைகளையும் மரங்களையும் ஓலையில் கீறினார்கள். ஓலையின் நார் ஓடும் திசையில் அழுத்திக் கீறினால் ஓலை பிளந்துவிடும் என்பதை ஓலை கிழித்துப் பழகிய எவரும் அறிவர். இரண்டு விரல் அகலமே உள்ள அந்த இடத்தில், அழிக்கவும் திருத்தவும் வழியில்லாமல், ஒரு போர்க்களத்தைக் கீறுவதற்கு எத்தகைய கை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். கேரளத்திலும் இம்மரபு இருந்தது. சித்திர ராமாயணம் என்னும் படங்கள் நிறைந்த ஓலைச்சுவடி ஒன்று திருவனந்தபுரத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகத்தில் இருக்கிறது.

காகிதம் வந்து பரவிய பின்னரும் ஓலையின் வடிவம் போய்விடவில்லை. மேற்கிந்தியாவில் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் சமணச் சுவடிகள் காகிதத்துக்கு மாறியபோது, அந்தக் காகிதத்தையும் ஓலைபோல் நீளமாகவும் குறுகலாகவும்தான் வெட்டினார்கள். கயிறு கோக்க வேண்டிய தேவையே இல்லாதபோதும் துளை இருந்த இடத்தில் ஒரு செம்பொட்டை வைத்தார்கள். காலம் செல்லச் செல்ல ஏட்டின் அகலம் கூடியது, படத்துக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் இராமாயணம், பாகவதம், தேவி மாகாத்மியம் போன்ற நூல்களை எழுதும்போது குறுக்காகக் கிடக்கும் அந்த நீள்வடிவத்தை வடநாட்டுப் பட்டறைகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. புனித நூல் என்றால் அது ஓலை வடிவில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

வண்ணம் எங்கிருந்து வந்தது

ஓவியப் பட்டறையில் வண்ணம் குழைத்து வைக்கும் கிண்ணம் எது என்று கேட்டால் இந்தக் கரையில் இருப்பவர்கள் மகிழ்ந்து போவார்கள். சிப்பி ஓடுதான் அது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு மட்டி ஓடு, அல்லது சிப்பி ஓடு. இழுத்துத் தேய்த்தாலும் நிறத்தை உறிஞ்சாத வழவழப்பும் சிறு குழியும் அதில் இயற்கையாகவே அமைந்திருக்கின்றன. தூரிகை அணிலின் வால் மயிரால் ஆனது. மிக மெல்லிய கோட்டுக்கு உரிய தூரிகையின் நுனி ஒற்றை மயிராகக் கூர்ந்து நிற்கும்.

நிறங்களின் பெயர்களைச் சொன்னால் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தது போல இருக்கும். சிவப்புக்குச் சாதிலிங்கம், ஆரஞ்சுச் சிவப்புக்குச் செந்தூரம், மஞ்சளுக்கு அரிதாரம், மண்சிவப்புக்குக் காவி, நீலத்துக்கு அவுரி, கருஞ்சிவப்புக்குக் கொம்பரக்கு, கறுப்புக்கு விளக்குக்கரி. அரிய நீலம் வேண்டுமென்றால் ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வரும் நீலக்கல்லை அரைக்க வேண்டும். வெள்ளைக்குப் பெரும்பாலும் ஈய வெண்மையைக் கையாண்டார்கள். ஒடிசாவின் பட்டச்சித்திரக்காரர்களோ சங்கையும் சிப்பியையும் பொடித்து வெள்ளை எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்கு வளையலாக வங்காளத்துக்குப் போன கதை நமக்குத் தெரியும். சங்கு ஓவியத்திலும் ஒளிர முடியும் என்பதையும் அதனோடு சேர்த்து நினைவில் வைக்கலாம்.

இந்தப் பொடிகள் எவையும் தாமாகக் காகிதத்தில் ஒட்டாது. வேலம் பிசின் போன்ற ஒரு பிசினைக் கரைத்து அதில் குழைக்க வேண்டும். பிசின் குறைந்தால் வண்ணம் உதிரும், கூடினால் வெடிக்கும். பழைய ஏடுகளில் நீலமும் வெள்ளையும் சிறு சிறு செதில்களாக உதிர்ந்திருப்பதைக் காணும்போது, நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சிப்பி ஓட்டில் ஒரு துளி பிசின் கூடியோ குறைந்தோ போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

வேலை நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்து, ஓவியத்தாள் செய்வார்கள். அதன்மேல் காவியாலோ கரியாலோ முதற்கோடு. பின்னர் மெல்லிய வெள்ளைப் பூச்சு. அதன் ஊடே மங்கலாகத் தெரியும் கோட்டைப் பார்த்துத் திருத்தி எழுதுவார்கள். பிறகு வண்ணம், பூச்சுமேல் பூச்சாக. இடையிடையே படத்தைக் குப்புறக் கிடத்தி, முதுகுப்புறத்தை அகேட் என்னும் மணிக்கல்லால் தேய்ப்பார்கள். அப்போதுதான் வண்ணம் தாளோடு இறுகி மெருகேறும். முகத்தின் கோடு, கண், நகை, பொன் ஆகியவை கடைசியில் வரும். நல்லதொரு உருவத்தை மறுபடியும் எழுத வேண்டுமென்றால், மெல்லிய மான் தோலில் அதன் படியெடுத்து, கோட்டின் வழியே ஊசியால் துளைகள் குத்தி, கரித்தூளைத் தட்டுவார்கள். மார்கழியில் துளையிட்ட அச்சில் கோலப்பொடியைத் தட்டிக் கோலம் இறக்குகிறோமே, அதே உத்தி.

ஒரே படத்தில் எத்தனை இராமர்?

பள்ளிப் பருவத்தில் எங்களை இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்கு அழைத்துச் சென்றார்கள். சுவர் முழுவதும் பட்டை பட்டையாக ஓவியங்கள். அவற்றில் ஒரே ஆள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, அவருக்கு இரட்டைப் பிள்ளையா என்று கூட வந்த ஆசிரியரிடம் கேட்டேன். 'அவரேதான் நடந்து போகிறார், நீயும் கூட நடந்து பார்' என்றார் அவர். சுவரின் ஓரமாக நடந்தேன். சுவர் கதையாக ஓடத் தொடங்கியது. சுவடி ஓவியத்தைப் பற்றி நான் கற்ற முதற்பாடம் அந்தச் சுவரில் கற்றதுதான்.

நம் காலத்துக் கண் ஒளிப்படத்துக்குப் பழகிய கண். ஒரு சட்டத்துக்குள் ஒரு கணம் மட்டுமே இருக்கும், ஒருவர் ஒருமுறைதான் தோன்றுவார் என்று எதிர்பார்க்கிறது. சுவடி ஓவியர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஓர் ஏட்டில் ஒரு சருக்கமோ இரண்டு சருக்கமோ சொல்ல வேண்டியிருந்தால், அதில் வரும் நிகழ்ச்சிகள் அனைத்தையும் அந்த ஓர் ஏட்டிலேயே அடுக்கிவிடுவார்கள். கதை நகர நகர அதே மாந்தர் மறுபடி மறுபடி வருவர்.

சாகிப்தீனின் யுத்த காண்டத்தில் நாகபாசம் விழும் ஏட்டை எடுத்துக்கொள்வோம். வகுப்பெடுப்பவர்கள் அடிக்கடி காட்டும் ஏடு அது, காட்டத் தகுந்ததும்கூட. இலங்கைக் கோட்டைக்குள் இராவணன் தன் மகன் இந்திரசித்தோடு பேசிக்கொண்டிருக்கிறான். இந்திரசித்து படையோடு புறப்படுகிறான். களத்தில் அவன் விட்ட அம்புகள் பாம்புகளாகி இராமனையும் இலக்குவனையும் சுற்றிப் பிணிக்க, இருவரும் தரையில் கிடக்கிறார்கள். குரங்குப் படை சூழ்ந்து கலங்கி நிற்கிறது. வென்றவன் திரும்பி வந்து தந்தையிடம் சொல்கிறான். சீதையைப் புட்பக விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் கணவன் கிடக்கும் கோலத்தைக் காட்டுமாறு இராவணன் ஆணையிடுகிறான். திரிசடையோடு சீதை விமானத்தில் வந்து, மேலிருந்து குனிந்து பார்க்கிறாள். இத்தனையும் ஒரே ஏட்டில், ஒரே வெளியில் நடக்கின்றன.

இதைப் படிக்கும்போது கண் சுற்றுகிற பாதையைக் கவனியுங்கள். கோட்டையில் தொடங்கிக் களத்துக்கு வந்து, மீண்டும் கோட்டைக்குப் போய், மீண்டும் களத்தின் மேல் வானில் முடிகிறது. ஆனால் களத்தில் கிடக்கும் இராமனும் இலக்குவனும் ஒருமுறைதான் எழுதப்பட்டிருக்கிறார்கள். அடித்தவன் பார்த்ததும் அதே உடல்களை, மனைவி பார்ப்பதும் அதே உடல்களை. மற்றவர்கள் நகர்கிறார்கள், காலம் நகர்கிறது. பாம்புக் கட்டுக்குள் இருக்கும் இருவர் மட்டும் நகர முடியாமல் கிடக்கிறார்கள். கட்டுண்டு கிடத்தல் என்பதை இதைவிடச் சொல்வதற்கு ஓர் ஓவியருக்கு வேறு வழி இருந்திருக்குமா என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

கம்பனைப் படித்தவர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழும். கம்பராமாயணத்தில் சீதை விமானத்தில் வந்து களம் காண்பது நாகபாசத்தின்போது நிகழ்வதில்லை. பிரம்மாத்திரத்துக்குப் பின்னரே வருகிறது. அப்படியானால் ஓவியர் தவறிவிட்டாரா? இல்லை. இந்தச் சுவடியில் எழுதியிருப்பது வான்மீகியின் வடமொழிப் பாடம். அதில் நாகபாசத்தை அடுத்தே இந்தக் காட்சி வருகிறது. சீதையை இராவணன் கவர்ந்து செல்லும் படங்களிலும் இவ்வாறே. கம்பனில் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கும் இராவணன், வான்மீகியின் வழி நிற்கும் படங்களில் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். ஆகவே ஒரு சுவடி ஓவியத்தைப் பார்க்கும்போது, நாம் மனத்தில் வைத்திருக்கும் கதையோடு ஒப்பிடுவதற்கு முன்னால், அந்த ஏட்டின் பின்புறம் எந்த நூல் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆட்களை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமன்று. இராமன் நீலமேனி அல்லது பச்சைமேனி, இலக்குவன் வெளிறிய பொன்மேனி. உடையின் நிறத்தையும் பெரும்பாலும் ஒரு தொடர் முழுவதும் மாற்றாமல் வைத்திருப்பார்கள். இராவணனுக்குப் பத்துத் தலைகளை இரு பக்கமும் வரிசையாக எழுதி, உச்சியில் ஒரு கழுதைத் தலையையும் சில பட்டறைகள் வைப்பதுண்டு. கும்பகருணன் பக்கத்தில் யானையும் பூனைக்குட்டியாகத் தெரியும். காட்சிகளைப் பிரிப்பதற்குச் சுவர், மரம், குன்று, அல்லது பின்புலத்தில் வேறொரு நிறத் திட்டு போதுமானது. சிவப்புத் திட்டில் நடப்பது ஒன்று, பச்சைத் திட்டில் நடப்பது மற்றொன்று.

உதயப்பூர், அக்பரின் பட்டறை, குலேர்

இந்தச் சுவடியின் வரலாறும் ஒரு கதைதான். உதயப்பூரைத் தலைநகராகக் கொண்ட மேவாரின் அரசர் இராணா முதலாம் ஜகத்சிங் இராமாயணத்தின் ஏழு காண்டங்களையும் எழுதப் பணித்தார். 1649இல் பால காண்டம் முடிந்தது. அதன் ஓவியர் மனோகர். அயோத்தியா காண்டமும் யுத்த காண்டமும் சாகிப்தீனின் கைவண்ணம். எல்லாவற்றுக்கும் வாசகம் எழுதியவர் ஹீரானந்தர் என்னும் சமணர். ஓர் இந்து அரசருக்காக, ஒரு சமணர் எழுத்தெழுத, ஓர் இசுலாமியர் படமெழுதிய இராமாயணம் இது. இதில் வியக்க எதுவுமில்லாதபடி அக்காலப் பட்டறைகள் இயல்பாகவே இப்படித்தான் இயங்கின என்பதே எனக்கு நிறைவளிக்கும் செய்தி. கடைசிக் காண்டங்கள் 1653இல் முடிந்தபோது பணித்த அரசர் உயிரோடு இல்லை. மொத்தத்தில் நானூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள்.

மேவார் அரசர்கள் தங்களை இராமனின் சூரிய குலத்தவர் என்று சொல்லிக்கொண்டவர்கள். நம் சேதுபதிகளோ இராமன் சேதுவைக் காக்க அமர்த்திய மரபினர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். ஒருவர் ஏட்டில் எழுதுவித்தார், மற்றவர் சுவரில் எழுதுவித்தார். இருவருக்கும் இராமாயணம் குடும்பக் கதையாக இருந்தது.

மேவார்ச் சுவடியின் பல காண்டங்களை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் டாட் இராணாவிடமிருந்து பரிசாகப் பெற்று இலண்டனுக்குக் கொண்டுபோனார். இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பால காண்டம் மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிந்து கிடந்த ஏடுகளின் படங்களை 2014இல் இணையத்தில் ஒரே சுவடியாகச் சேர்த்து வெளியிட்டார்கள்.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே அக்பரின் பட்டறை மகாபாரதத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்து எழுதியிருந்தது. 1582இல் தொடங்கிய அந்த நூலுக்கு ரஸ்ம்நாமா, அதாவது போர்களின் நூல், என்று பெயர். தொடர்ந்து இராமாயணமும் பாரசீகமாகியது. அக்பரின் தாயார் அமீதா பானு பேகத்துக்கென ஒரு படி 1594இல் உருவானது. முகலாயப் பட்டறையில் மலையும் தூரமும் நிழலும் வந்து சேர்ந்தன. ஒரே படத்தில் ஒருவர் கோட்டமைக்க மற்றொருவர் வண்ணமிடும் வேலைப் பிரிவும் இருந்தது. ஏடோ பாரசீக நூல் வழக்கப்படி நிமிர்ந்து நின்றது.

இமயமலை அடிவாரத்தில் குலேர் என்னும் சிற்றரசில் பண்டித சேவு என்னும் ஓவியருக்கு மானக்கு, நயினசுக் என்று இரு மகன்கள். மூத்தவரான மானக்கு 1725 வாக்கில் இலங்கை முற்றுகையை எழுதத் தொடங்கினார். நீளத்தில் ஏறக்குறைய ஒரு கெஜத்தைத் தொடும் பெரிய ஏடுகள். பொன்னாலான இலங்கை ஒரு பக்கம், குரங்குகளும் கரடிகளும் நிறைந்த பாசறை மறுபக்கம். அவற்றில் ஒன்று, சுகன், சாரணன் என்னும் இராவணனின் ஒற்றர்கள் குரங்கு வடிவில் புகுந்து, வீடணனிடம் அகப்பட்டு, இராமனால் மன்னித்து விடப்படும் கதையைச் சொல்கிறது; இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தத் தொடர் முடியவில்லை. முதல் ஏடுகள் முழு வண்ணத்தில் ஒளிர்கின்றன. போகப்போகப் பல ஏடுகள் கோட்டோவியங்களாகவே நின்றுவிட்டன. முடிந்த ஏடுகளை நேசிக்கும் அளவுக்கு அந்தக் கோட்டோவியங்களையும் நான் நேசிக்கிறேன்; வண்ணத்துக்கு முன்னால் கை எப்படி யோசித்தது என்பதை அவைதாம் காட்டுகின்றன.

இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்த வழியை யாத்திரைத் தலத்தில் வாழும் நாம் உடனே புரிந்துகொள்வோம். வடநாட்டார் ஹரித்வாருக்குப் போகும்போது அங்குள்ள பண்டாக்கள் என்னும் தலப் புரோகிதர்களின் ஏடுகளில் தம் பெயர், ஊர், தந்தை, பாட்டன் எனப் பரம்பரையை எழுதிவைப்பார்கள். ஓவியர்களும் எழுதிவைத்தார்கள். கலை வரலாற்று அறிஞர் பி.என். கோஸ்வாமி அந்தப் பதிவேடுகளைப் புரட்டிப் படித்து, பெயரில்லாமல் கிடந்த மலைநாட்டு ஓவியங்களுக்குப் பின்னால் இருந்த தந்தையையும் மகன்களையும் பேரன்களையும் மீட்டெடுத்தார்.

கடலை எப்படி எழுதினார்கள்

இந்தக் கரையிலிருந்து இவ்வோவியங்களைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது கடலுக்குத்தான். பழைய ஏடுகளில் நீர் என்பது கூடை முடைந்தது போன்ற கோட்டுப் பின்னல். குறுக்கும் நெடுக்குமாக வளைகோடுகள், நடுவே மீன்கள், ஆமைகள், யானைத் துதிக்கை கொண்ட மகரம். பிற்காலத்தில் அந்தப் பின்னல் அவிழ்ந்து சுழிகளாகிறது. ஓலையைப் பின்னியது போன்ற அந்தப் பழைய நீரே எனக்கு மிகப் பிடிக்கும். காற்றில்லாத காலையில் பாக் நீரிணைப் பக்கம் மேலே படரும் சிற்றலை அதே பின்னலாகத்தான் தெரிகிறது.

சில ஏடுகளில் கடலோ ஆறோ கரும்பழுப்பாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். நீர் பளபளக்க வேண்டும் என்று ஓவியர் அங்கே வெள்ளிப் பொடியைப் பூசியிருப்பார். வெள்ளிக் கொலுசு கறுப்பது போலவே அந்த நீரும் காலப்போக்கில் கறுத்துப்போகிறது. எழுதி முடித்த அன்று அந்தச் சுவடியைப் பிரித்தவர், ஏட்டைச் சற்றே அசைத்ததும் கடல் மின்னுவதைப் பார்த்திருப்பார். அந்த மின்னல் இன்று போய்விட்டது. பார்ப்பவர்தான் அதை மனத்தில் மீட்டுக்கொள்ள வேண்டும்.

கடலரசனை முடியும் நகையும் அணிந்த மனித உருவமாக, அலைகளுக்கு நடுவிலிருந்து எழுபவனாகவும், கைகூப்பி நிற்பவனாகவும் எழுதுவது வழக்கம். திருப்புல்லாணியில் கேட்ட கதையே அது. குரங்குகள் தலைமேல் பாறைகளைச் சுமந்து ஓடுவதையும், அணை கடலின் குறுக்கே ஒரு பட்டையாக நீள்வதையும் காணும்போது, அந்த ஓவியர்கள் நம் ஊரை ஒருநாளும் பார்க்காமலேயே நூலின் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டார்களே என்ற அன்பு எனக்குள் எழுகிறது.

தொடங்க விரும்புபவர்கள் முதலில் இராமலிங்க விலாசத்துக்குப் போகலாம். கிழவன் சேதுபதி கட்டிய மண்டபம் அது. ஓவியங்கள் 1710 முதல் 1725 வரை ஆண்ட முத்து விசய இரகுநாத சேதுபதி காலத்தவை. இன்று தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. பாகவதக் காட்சிகளும் போர்க்களங்களும் அரசவைக் காட்சிகளும் அங்கே இருக்கின்றன. இராமாயணத்தில் பால காண்டத்தை விரிவாக எழுதியிருக்கிறார்கள். சுவரின் ஓரமாக நடந்து, ஒரே மாந்தர் மறுபடி வரும் இடங்களை எண்ணிப் பாருங்கள். கண் பழகிய பின், யுத்த காண்டத்துக்குச் சாகிப்தீனிடம் போகலாம். நாகபாசம் விழும் அந்த ஏட்டைக் கைபேசியில் எடுத்து, முதலில் பத்துத் தலைகளைத் தேடுங்கள். அவை எத்தனை இடங்களில் இருக்கின்றன என்று பாருங்கள், பிறகு இந்திரசித்தைத் தேடுங்கள், கடைசியில் விமானத்தை. படம் சிறிதாகத் தெரிந்தால் கைபேசியைக் குறுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள். அது ஓலையின் வடிவத்தில் எழுதிய ஏடு.